கல்லாப்பெட்டி யார் கையில்? ஆப் ஸ்டோர் கட்டண விதிகளும் சந்தாவை நம்பி நடக்கும் ஆப்களும்

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. கூகுள் பிளே ஸ்டோரில் 'பாரத் மேட்ரிமோனி' என்று தேடியவர்களுக்கு அந்த ஆப் கிடைக்கவில்லை. கிறிஸ்டியன் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி, ஜோடி ஆகியவையும் இல்லை. எல்லாமே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் நிறுவனத்தின் ஆப்கள். அன்றைக்கே ஷாதி.காம், வேலை தேடித் தரும் நௌக்ரி, வீடு மனை பார்க்க உதவும் 99ஏக்கர்ஸ், ஒலிக்கதைகள் தரும் குக்கூ எஃப்எம் என்று இன்னும் சிலவும் நீக்கப்பட்டன. ஏற்கெனவே போனில் இறக்கி வைத்திருந்தவர்களுக்கு ஆப் வழக்கம்போல வேலை செய்தது. அந்த வாரம் வரன் பார்க்கத் தொடங்கிய வீடுகளுக்குத்தான் கதவு மூடியிருந்தது.

மேட்ரிமோனி.காம் நிறுவனர் முருகவேல் ஜானகிராமன் அதை இந்திய இணையத்தின் இருண்ட நாள் என்று சொன்னார். கூகுள் தரப்பு வேறு மாதிரி சொன்னது: இந்தியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டெவலப்பர்கள் எங்கள் விதிகளை ஏற்று நடக்கிறார்கள், பத்து நிறுவனங்கள் மட்டும் கட்டணம் கொடுக்காமல் கடையைப் பயன்படுத்துகின்றன, மூன்று ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்தாகிவிட்டது. ஒன்றிய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டுப் பேசிய பிறகு மார்ச் 5ஆம் தேதி ஆப்களைத் தற்காலிகமாகத் திருப்பிச் சேர்க்க கூகுள் ஒப்புக்கொண்டது.

செய்தியாகப் படித்தவர்களுக்கு இது பெரிய நிறுவனங்களின் பணத் தகராறு. ஆனால் சந்தா வாங்கி ஆப் நடத்தும் யாருக்கும், அது பாட்டுச் சொல்லித் தரும் ஆப்போ, பத்திரிகையோ, உடற்பயிற்சி ஆப்போ, இதே விதிதான் தலைக்கு மேல் இருக்கிறது. அந்த விதி என்ன சொல்கிறது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு பணம் போகிறது, பணத்தைத் தவிர வேறு என்ன போகிறது என்பதைப் பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. ஆப்புக்குள் எதையாவது விற்றால், அது கையில் தொட்டுப் பார்க்கும் பொருளா, போனுக்குள்ளேயே நுகரப்படும் டிஜிட்டல் சரக்கா என்று ஸ்டோர் பிரித்துப் பார்க்கிறது. ஸ்விகியில் பிரியாணி, ஓலாவில் ஆட்டோ, ரயில் டிக்கெட், மளிகை இதற்கெல்லாம் ஆப்பிளும் கூகுளும் பங்கு கேட்பதில்லை. அவற்றுக்கு ஆப் நடத்துபவர் தனக்குப் பிடித்த பேமென்ட் கேட்வேயை (கார்டு, யுபிஐ வழியாகப் பணம் வாங்கித் தரும் சேவையை) வைத்துக்கொள்ளலாம். பாட்டு, படம், மின்னூல், விளையாட்டு, ஆப்பில் திறக்கும் கூடுதல் வசதி, மாதச் சந்தா என்று வந்துவிட்டால் பணம் ஸ்டோரின் சொந்த பில்லிங் வழியாகத்தான் போக வேண்டும். அதில் ஸ்டோருக்கு ஒரு பங்கு உண்டு. அடிப்படை விதி இதுதான். விதிவிலக்குகள் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கின்றன.

இந்தக் கோடு போடப்பட்ட இடம்தான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. வரன் பார்க்கும் ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம் கொடுக்கும் பணம் எதற்கு? வரனின் வீட்டாருடைய தொலைபேசி எண்ணைப் பார்க்க, பேச, நேரில் சந்திக்க. கல்யாணம் நடப்பது மண்டபத்தில். ஆனாலும் எண் திரையில் தெரிவதால் அது டிஜிட்டல் சரக்கு. வாடகை வண்டி ஆப்பிலும் ஓட்டுநரின் விவரம் திரையில்தான் தெரிகிறது. அது டிஜிட்டல் சரக்கு இல்லை. கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிப்பதும் கடைக்காரர், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவரிடம் காசு வாங்குவதும் அதே கடைக்காரர்.

சரி, காசு எவ்வளவு? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மதுரையில் ஒருவர் கர்நாடக சங்கீதம் பழகுவதற்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 99 ரூபாய். ஆயிரம் பேர் சந்தா கட்டுகிறார்கள். வரியைத் தனியே விட்டுவிடலாம். மாத வசூல் 99,000 ரூபாய். சந்தாவுக்கு கூகுளின் பங்கு 15 சதவீதம்: 14,850 ரூபாய். இதே பணத்தை ஒரு சாதாரண பேமென்ட் கேட்வே வழியாக வாங்கியிருந்தால், இரண்டு சதவீதம் என்று வைத்தாலும் 1,980 ரூபாயில் முடிந்திருக்கும். யுபிஐ என்றால் அரசு 2020 ஜனவரியிலிருந்தே வணிகர் கட்டணத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. கேட்வே நிறுவனத்துக்குக் கொடுக்கும் சேவைக் காசு மட்டும்தான் மிஞ்சும். வித்தியாசம் மாதம் 12,870 ரூபாய், வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு பாட்டு டீச்சரைப் பகுதி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் இதற்குச் சொல்லும் பதிலில் நியாயம் உண்டு. அந்த 15 சதவீதம் என்பது பணம் வாங்கித் தருவதற்கான கூலி மட்டும் கிடையாது. ஆப்பைக் கோடிக்கணக்கான போன்களுக்குக் கொண்டுபோவது, ஒவ்வொரு அப்டேட்டையும் அனுப்பி வைப்பது, வைரஸ் சோதனை, டெவலப்பர்களுக்கான கருவிகள் எல்லாம் அதில் அடக்கம். பிளே ஸ்டோரில் இருக்கும் பெரும்பாலான ஆப்கள் ஒரு பைசாவும் கொடுப்பதில்லை. டிஜிட்டல் சரக்கு விற்பவர்கள் இந்தியாவில் 3 சதவீதம்தான் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்கலாம். கடையை நடத்தும் செலவை நூற்றில் மூன்று பேர் மட்டும் சுமக்கிறார்கள். தினமும் லட்சக்கணக்கில் ஆர்டர் எடுக்கும் உணவு ஆப் எதுவும் கொடுப்பதில்லை. ஆயிரம் பேருக்குப் பாட்டுச் சொல்லித் தருபவர் கொடுக்கிறார்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்க்க, 2008க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் ஆப்பிள் 500 ஆப்களோடு ஆப் ஸ்டோரைத் திறந்தது. விற்கிற விலையில் டெவலப்பருக்கு 70, ஆப்பிளுக்கு 30. அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை. டப்பாவில் அடைத்த மென்பொருளைக் கடையில் விற்ற காலத்தில், விநியோகஸ்தருக்கும் கடைக்காரருக்கும் கொடுத்தது போக ஆக்கியவர் கைக்கு அவ்வளவு வந்ததில்லை. ஒரு ஆப்பை ஒரு முறை விற்கிறோம், கடை ஒரு முறை பங்கு எடுத்துக்கொள்கிறது. புரிகிற வியாபாரம்தான். 2009இல் ஆப்புக்குள்ளேயே பொருள் வாங்கும் வசதி வந்தது. அதற்கும் அதே 30.

சிக்கல் தொடங்கியது 2011 பிப்ரவரியில். பத்திரிகை, இசை, வீடியோ ஆகியவற்றின் சந்தாவை ஆப் வழியாகவே வாங்கலாம் என்று ஆப்பிள் அறிவித்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போது சொன்ன தத்துவம் எளிமையானது: புதிய சந்தாதாரரை நாங்கள் ஆப்புக்குள் கொண்டுவந்தால் எங்களுக்கு 30 சதவீதம், பதிப்பாளர் தானே கொண்டுவந்தால் முழுப் பணமும் அவருக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே இரண்டு நிபந்தனைகள் வந்தன. வெளியே விற்கும் சந்தாவை ஆப்புக்குள்ளும் விற்க வேண்டும், அதே விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ. ஆப்புக்குள்ளிருந்து உங்கள் வலைத்தளத்துக்கு வாங்கப் போகும் வழியைக் காட்டக் கூடாது.

விலை நிபந்தனையை எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆண்டு ஜூனிலேயே ஆப்பிள் தளர்த்திவிட்டது. வழி காட்டக் கூடாது என்ற இரண்டாவது நிபந்தனை அப்படியே நீடித்தது. ஜூலையில் அமேசானின் கிண்டில் ஆப்பிலிருந்து புத்தகக் கடைக்குப் போகும் பொத்தான் எடுக்கப்பட்டது. பைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை, தன் வாசகர் யார் என்ற விவரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், பிரவுசரில் ஓடும் பதிப்பைத் தயார் செய்துகொண்டு ஆப் ஸ்டோரை விட்டே வெளியேறியது. பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பி வந்தது.

பதினைந்து ஆண்டுச் சண்டையின் வேர் அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. சதவீதம் 30ஆ 15ஆ என்பதைப் பேசித் தீர்க்கலாம். ஆனால் சொந்த வாடிக்கையாளரிடம், "வெளியே வாங்கினால் உங்களுக்கு இவ்வளவு குறையும்" என்று சொல்லவே கூடாது என்றால், விலையைப் பற்றிய போட்டி என்பதே அங்கே இல்லாமல் போகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் பங்கு வைக்கலாம், கேட்க ஆளில்லை.

ஸ்பாட்டிஃபையின் கதையைப் பாருங்கள். மாதம் 9.99 டாலருக்குப் பாட்டுச் சந்தா விற்ற நிறுவனம். 2014இல் ஐபோன் ஆப்புக்குள்ளும் விற்கத் தொடங்கியபோது 12.99 என்று விலை வைத்தது. அதில் 30 சதவீதம் போனால் கையில் நிற்பது 9.09. அதாவது மூன்று டாலர் கூட்டி விற்றும் பழைய வசூல்கூட வரவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் ஆப்பிளே சொந்தமாக இசைச் சந்தாவைத் தொடங்கியது, மாதம் 9.99க்கு. அதற்கு யாருக்கும் 30 சதவீதம் கொடுக்கத் தேவையில்லை. இணையதளத்தில் 9.99தான் என்று ஸ்பாட்டிஃபை தன் ஆப்பில் எழுதிப் போடவும் முடியாது. ஆப்புக்குள் விற்பதையே 2016இல் நிறுத்திக்கொண்டது. 2019இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2024 மார்ச்சில் ஆணையம் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. காரணமாகச் சொன்னது கமிஷனின் அளவை அல்ல. மலிவான வழி வெளியே இருக்கிறது என்று பாட்டு கேட்பவர்களிடம் சொல்ல விடாததை.

கமிஷன் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதற்கு இன்னொரு சான்று. அமெரிக்காவில் யூடியூப் பிரீமியம் சந்தா வலைத்தளத்தில் 13.99 டாலராக இருந்தபோது, ஐபோன் ஆப்புக்குள் வாங்கினால் 18.99. யூடியூப் கூகுளுடையது. தன் கடையில் மற்றவர்களிடம் பங்கு வாங்கும் அதே நிறுவனம், அடுத்தவர் கடையில் விற்கும்போது ஐந்து டாலரை வாடிக்கையாளர் தலையில் ஏற்றியது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அதைத் தாங்கிக்கொள்ள மனமில்லை என்றால், மதுரை பாட்டு ஆப்காரர் என்ன செய்வார்?

நெட்ஃபிளிக்ஸ் வேறு வழி எடுத்தது. 2018 டிசம்பரில் ஐபோன் ஆப்பில் புதிய சந்தா சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. ஆப்பை இறக்கினால் உள்ளே நுழையும் பக்கம் மட்டும் இருக்கும். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருக்காது. உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகும், மக்கள் தேடிப் போவார்கள். புதிதாக ஆரம்பிப்பவர் வெறும் லாகின் பெட்டியை வைத்தால், இறக்கியவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஆப்பை அழித்துவிடுவார். 2020 ஜூனில் 'ஹே' என்ற மின்னஞ்சல் சேவைக்கு அந்த வழிகூட அடைக்கப்பட்டது. வருடச் சந்தா 99 டாலர். முதல் பதிப்பை ஏற்றுக்கொண்ட ஆப்பிள், பிழை திருத்தி அனுப்பிய அடுத்த பதிப்பை நிறுத்தி வைத்தது: இறக்கினால் எதுவும் வேலை செய்யவில்லை, உள்ளே சந்தா விற்கும் வழி வேண்டும் என்று. நிறுவனம் பொதுவெளியில் சத்தம் போட்ட பிறகு, 14 நாளுக்கு ஒரு தற்காலிக முகவரியை இலவசமாகத் தருவது என்று சமரசம் ஆனது. கட்டண விதிக்குப் பொருந்துவதற்காகவே ஒரு வசதியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

இனி சந்தாவுக்கென்று தனியாக இருக்கும் ஒரு சலுகை. 2016இல் ஆப்பிள் ஒரு மாற்றம் செய்தது. ஒரு சந்தாதாரர் ஓராண்டு தொடர்ந்து பணம் கட்டினால், அதற்கப்புறம் ஆப்பிளின் பங்கு 30இலிருந்து 15 சதவீதமாகக் குறையும். கூகுளும் 2018இல் இதையே செய்தது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் சந்தா என்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் எவ்வளவு கிடைக்கும் என்பதும் தெரியும். பரீட்சைக்குப் படிக்க மூன்று மாதம் சேர்பவர், பரீட்சை முடிந்ததும் போய்விடுவார். உடற்பயிற்சி ஆப்பில் ஜனவரியில் சேர்ந்தவர் ஏப்ரலில் இருக்க மாட்டார். வரன் பார்க்கும் ஆப்பின் நிலைமை இன்னும் தெளிவு: அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். நல்ல இடம் அமைந்த பிறகு யாராவது இரண்டாம் ஆண்டுக்குச் சந்தா கட்டுவார்களா? ஆப்பிள் கணக்கில், இடையில் 60 நாளுக்கு மேல் சந்தா விட்டுப்போனால் அந்த ஓராண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கூகுளே இதை ஒப்புக்கொண்டது. 2021 அக்டோபரில், வாடிக்கையாளர்கள் விலகிப் போவதால் சந்தா நிறுவனங்களுக்கு இந்தக் குறைந்த விகிதத்தின் பலன் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லி, 2022 ஜனவரி 1 முதல் எல்லாச் சந்தாவுக்கும் முதல் நாளிலிருந்தே 15 சதவீதம் என்று மாற்றியது. அது நல்ல மாற்றம், பாராட்ட வேண்டியது. ஆப்பிளில் பெரிய நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு 30 சதவீதம் அப்படியே இருந்தது; ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிப்பவர்களுக்கு மட்டும் 2021 முதல் 15.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசினோம். சந்தா ஆப் நடத்துபவர்களை அதைவிட அதிகமாக வாட்டும் விஷயம் வேறு ஒன்று. ஒருமுறை விற்றுவிட்டுப் போகும் பொருளில் வாடிக்கையாளர் யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சந்தாவில் வியாபாரமே மாதாமாதம் தொடரும் உறவுதான். ஸ்டோர் வழியாகப் பணம் வந்தால் அந்த உறவு ஸ்டோருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போய்விடுகிறது.

ஐபோனில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஒரு அம்மா மின்னஞ்சல் அனுப்புகிறார்: "பொண்ணு போன மாசமே கிளாஸை நிறுத்திட்டா. இந்த மாசமும் காசு எடுத்துட்டீங்க. திருப்பிப் போடுங்க." ஆப் நடத்துபவருக்குத் திருப்பிக் கொடுக்க மனது இருக்கிறது. ஆனால் பணத்தைத் திருப்பி அனுப்பும் பொத்தான் அவரிடம் இல்லை. ஆப்பிளிடம் விண்ணப்பியுங்கள் என்றுதான் பதில் எழுத முடியும். சந்தாவை நிறுத்தித் தரவும் அவரால் முடியாது. அவ்வளவு ஏன், பணம் கட்டியவரின் பெயரையும் மின்னஞ்சலையும் ஆப்பிள் அவருக்குக் கொடுப்பதில்லை; அவர்களாகவே ஆப்பில் பதிவு செய்தால்தான் தெரியும். அந்த அம்மாவின் கோபமோ, ஸ்டோரில் போடும் ஒற்றை நட்சத்திரமோ, ஆப் நடத்துபவர் பேரில்தான் விழும்.

நாளைக்கு ஸ்டோர் பில்லிங் வேண்டாம் என்று முடிவு செய்தாலும், ஆயிரம் சந்தாதாரர்களை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. ஒவ்வொருவரும் பழையதை ரத்து செய்து, வேறு இடத்தில் மறுபடி சேர வேண்டும். வழியில் பாதிப் பேர் உதிர்ந்துவிடுவார்கள். ஆப்பிள் பில்லிங்கில் புதியவர்களைச் சேர்ப்பதை 2018இல் நிறுத்திய நெட்ஃபிளிக்ஸ், பழையவர்களை அதிலிருந்து வெளியே வரச் சொல்லத் துணிந்தது 2024இல்தான்.

வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்தால் இதற்கு ஒரு நல்ல முகமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. போனின் செட்டிங்ஸில் ஒரே பக்கத்தில் எல்லாச் சந்தாவும் தெரியும். ஒரு தட்டில் நிறுத்தலாம். சொந்தமாகப் பணம் வாங்கும் எத்தனையோ நிறுவனங்கள் சேருவதற்கு ஒரு பொத்தானும், விலகுவதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் வைத்திருக்கின்றன. கார்டு விவரத்தை ஐம்பது இடத்தில் கொடுக்காமல் ஒரே இடத்தில் கொடுப்பதும் நிம்மதிதான். இந்த வசதிக்காகக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம் என்று ஒருவர் நினைத்தால் அது அவர் விருப்பம். விலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு அந்த விருப்பத்தைச் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் சேர்ந்துகொண்டது. தானாகப் பிடிக்கப்படும் மாதக் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் புதிய நடைமுறையைக் கட்டாயமாக்கியது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பு. வரம்பு பிறகு 15,000 ஆக உயர்ந்தது. மக்களுக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் உலகத்துக்கெல்லாம் ஒரே பில்லிங் வைத்திருந்த ஸ்டோர்கள் தடுமாறின. 2022இல் ஆப்பிள் இந்திய கிரெடிட், டெபிட் கார்டுகளை ஏற்பதையே நிறுத்தியது. யுபிஐ, நெட் பேங்கிங், முன்கூட்டியே போட்டு வைத்த இருப்பு ஆகியவைதான் வழி என்றானது. மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபே வசதி கூகுள் பிளேயில் வந்தது 2022 நவம்பரில். யுபிஐ ஆட்டோபே நாட்டில் அறிமுகமானதோ 2020 ஜூலையில். சொந்த கேட்வே வைத்திருந்தவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். ஸ்டோரை மட்டும் நம்பியிருந்தவர்கள், மாதம் பிறந்தும் பணம் ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. கல்லாப்பெட்டியின் சாவி அடுத்தவரிடம் இருந்தால் வரும் சங்கடம் இது.

இப்போது மறுபடி சென்னைக்கு வரலாம். கூகுள் தன் பில்லிங்கைக் கட்டாயமாக்கப் போவதாக 2020 செப்டம்பரில் தெளிவுபடுத்தியதும் இந்தியத் தொழில்முனைவோர் கொதித்தார்கள். அதே மாதம் பேடிஎம் ஆப் சில மணி நேரம் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது வேறு காரணத்துக்காக என்றாலும், கடைக்காரர் நினைத்தால் என்ன நடக்கும் என்பதை எல்லாரும் பார்த்தார்கள். இந்தியாவுக்குக் காலக்கெடு தள்ளிப்போனது. 2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் இந்த பில்லிங் கட்டாயத்துக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்து, வேறு பில்லிங் சேவைகளைப் பயன்படுத்த விட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

கூகுள் உத்தரவை ஏற்று, டெவலப்பர் விரும்பினால் தன் பில்லிங்குக்குப் பக்கத்தில் வேறொன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்றது. அப்படி வைத்தால் கமிஷனில் 4 சதவீதப் புள்ளி குறையும். நம் பாட்டு ஆப் கணக்குக்குத் திரும்பினால் இது என்ன தருகிறது என்று புரியும். 15 போய் 11. அதோடு கேட்வேக்கு 2. ஆக 13. மிச்சம் 2 சதவீதம். அந்த இரண்டுக்குள் பில் போடுவது, பணம் பிடிக்காமல் போனால் மறுபடி முயல்வது, ரீஃபண்ட் புகார் கேட்பது எல்லாவற்றையும் சொந்தமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆணையம் கதவைத் திற என்றது, கதவு திறந்தது, ஆனால் வெளியே போனாலும் வாடகை தொடர்ந்தது.

அதை எதிர்த்துத்தான் மேட்ரிமோனி.காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2023 ஜூலையில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் வழக்கில், ஆப்பை நீக்கக் கூடாது, இப்போதைக்கு 4 சதவீதம் கட்டினால் போதும் என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. ஆனால் ஆகஸ்டில், இது போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லித் தனி நீதிபதி மற்ற நிறுவனங்களின் வழக்குகளை நிராகரித்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்தது. பிப்ரவரி 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தர மறுத்தது. மூன்று வாரம் கழித்து வந்ததுதான் அந்த மார்ச் 1. அரசு தலையிட்டு ஆப்கள் திரும்பியதும், மார்ச் 15 அன்று கமிஷன் முறையையே விசாரிக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. முன்பு விதித்த 936 கோடி அபராதத்தை 2025 மார்ச்சில் கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 216.69 கோடியாகக் குறைத்தது. ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்ற முடிவை மட்டும் தள்ளவில்லை.

'வெளியே போனாலும் வாடகை' என்ற உத்தி இந்தியாவில் மட்டும் நடந்ததில்லை. தென்கொரியா 2021இல் சட்டமே போட்டு ஸ்டோர் பில்லிங் கட்டாயத்தைத் தடை செய்தது. இரண்டு நிறுவனங்களும் 4 புள்ளியைக் குறைத்துக்கொண்டு மீதியை வாங்கின. நெதர்லாந்தில் டேட்டிங் ஆப்களுக்கு வேறு வழி விடச் சொன்னபோது ஆப்பிள் 27 சதவீதம் கேட்டது.

அமெரிக்காவில் அதே 27தான் ஆப்பிளுக்கு வினையாக முடிந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில் நீதிபதி இவான் கொன்சாலெஸ் ரோஜர்ஸ் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். எபிக் கேட்ட பெரும்பாலானவை கிடைக்கவில்லை. ஆனால் வெளியே வாங்கும் வழியைக் காட்டுவதை ஆப்பிள் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். மேல்முறையீடுகள் முடிந்து 2024 ஜனவரியில் ஆப்பிள் லிங்க் வைக்க அனுமதித்தது. லிங்க்கைத் தட்டி ஏழு நாளுக்குள் வாங்கினால் ஆப்பிளுக்கு 27 சதவீதம். லிங்க்கைத் தட்டியதும் முழுத்திரை எச்சரிக்கை. எங்கே வைக்கலாம், எப்படி எழுதலாம் என்பதற்கும் விதி. 27உம் கேட்வே செலவும் சேர்ந்தால் பழைய 30ஐத் தொட்டுவிடும், யாரும் வெளியே போக மாட்டார்கள்.

2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிபதி, ஆப்பிள் வேண்டுமென்றே உத்தரவை மீறியது என்று தீர்ப்பளித்தார். நிறுவனத்துக்குள்ளேயே ஆப் ஸ்டோருக்குப் பொறுப்பாளரான ஃபில் ஷில்லர் உத்தரவுக்குக் கட்டுப்படலாம் என்று சொன்னதையும், தலைவர் டிம் குக் அதைக் கேட்கவில்லை என்பதையும் தீர்ப்பில் பதிவு செய்தார். "இது நீதிமன்ற உத்தரவு, பேரம் பேசுவதற்கில்லை" என்று எழுதி, அமெரிக்காவில் வெளி லிங்க் வழியாக நடக்கும் வாங்கல்களுக்கு ஆப்பிள் கமிஷன் எடுப்பதை அன்றைய தேதியிலிருந்தே தடுத்தார். ஆப்பிள் மேல்முறையீடு செய்தது, ஆனால் மாற்றம் காத்திருக்கவில்லை. ஓரிரு நாளில் ஸ்பாட்டிஃபை ஆப்பில் விலையும் லிங்க்கும் வந்தன.

ஒரு வாரத்துக்குள் அமேசானும் கிண்டில் ஆப்பைப் புதுப்பித்தது. தமிழில் கிண்டில் புத்தகம் வாங்கிப் படிப்பவர்களுக்கு அந்த ஆப்பின் பழைய முகம் நன்றாகத் தெரியும். மாதிரிப் பக்கங்களைப் படித்து முடிப்போம், கதை பிடித்துப்போகும், மீதியை வாங்கப் பொத்தான் இருக்காது. ஆப்பை விட்டு வெளியே வந்து, பிரவுசரைத் திறந்து, புத்தகத்தின் பெயரை மறுபடி தட்டித் தேட வேண்டும். 2011 ஜூலையில் ஐபோனிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் பொத்தான், 2025 மே மாதம் அமெரிக்க ஐபோன்களில் 'புத்தகத்தைப் பெறு' என்ற பெயரில் திரும்பி வந்தது. தீர்ப்பு அமெரிக்கக் கடைக்கு மட்டும்தான் பொருந்தும். அதனால் சென்னையில் அதே ஆப்பைத் திறந்தவருக்கு மாதிரிப் பக்கம் முடிந்த இடத்தில் அப்போதும் எதுவும் இல்லை.